காசு மேல ஒரு கையெழுத்து: துக்ரா படிக்கக் கத்துக்கலாம் வாங்க



போன செமஸ்டர் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பினப்போ, என் ரூம்மேட் ஒரு வெள்ளிக் காசு கொண்டு வந்தான். அவன் கீழக்கரைக்காரன். அவனோட வாப்பாவுக்கு வாப்பா அந்தக் காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர். எகிப்துத் துறைமுகம் ஒன்றில் அவர் கைக்கு வந்த காசு என்று வீட்டில் சொல்வார்களாம். ஒரு பக்கம் அரபி எழுத்தும் எண்களும். இன்னொரு பக்கம் நடுவில் ஏதோ ஒரு உருவம்: மூன்று கொம்பு, இடது பக்கம் இரண்டு பெரிய வளையம், வலது பக்கம் நீண்ட வால்.

"ஏதோ பறவை மாதிரி இருக்கேடா" என்றேன்.

"பறவை இல்ல, எழுத்து. ஆனா எனக்கும் படிக்க வரல" என்றான். சின்ன வயசிலிருந்து மதரசாவில் ஓதினவன் அவன். அரபி எழுத்து அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. அவனுக்கே படிக்க வராத எழுத்தா?

ஆனால் எண்ணை மட்டும் உடனே படித்துவிட்டான்: 1327. அவ்வளவுதான், எழுநூறு வருஷப் பழைய காசு கையில் இருக்கிறது என்று இரண்டு பேரும் குதித்தோம். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் லைப்ரரியில் உட்கார்ந்து தேட ஆரம்பித்ததில் எழுநூறு வருஷம் பொய் என்று தெரிந்தது. ஆனால் உண்மை அதைவிட நன்றாக இருந்தது. அதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். படித்து முடித்ததும் இந்த மாதிரி ஒரு காசு உங்கள் கைக்கு வந்தால் நீங்களே படித்துவிடலாம்.

துக்ரான்னா என்ன?

அந்த 'பறவை'யின் பெயர் துக்ரா. ஒட்டோமான் பேரரசின் சுல்தானுடைய கையெழுத்தும் முத்திரையும் அதுதான். அரசாணை, நிலப் பத்திரம், காசு, பிற்காலத்தில் தபால் தலை, ரூபாய் நோட்டு என்று சுல்தானின் வாக்கு எங்கெல்லாம் செல்ல வேண்டுமோ அங்கெல்லாம் துக்ரா இருக்கும். ஒவ்வொரு சுல்தானும் பதவி ஏற்றதும் அவருக்கென்று ஒரு துக்ரா உருவாகும். கடைசிவரை அது மாறாது.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம், சுல்தான் இதைத் தன் கையால் போடுவதில்லை. அதற்கென்றே அரசவையில் 'நிஷாஞ்சி' என்று ஒரு பெரிய அதிகாரி உண்டு. ஆணை சட்டப்படி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் தலையில் துக்ராவை வரைவது அவர் பொறுப்பு. அதிகாரம் இல்லாத யாராவது வரைந்தால் அது போலிப் பத்திரம். அதாவது, துக்ரா சுல்தானின் பெயர்தான், ஆனால் வேலை செய்தது ஒரு அலுவலகம். ஒரு மனுஷனின் கைப்பழக்கத்தை நம்பாமல் ஒரு நடைமுறையை நம்பியிருக்கிறார்கள்.

இதைப் பற்றி ஒரு கதை உண்டு. முதலாம் முராத் சுல்தான் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்துப் போடத் தெரியாமல், கையை மையில் தோய்த்து அப்படியே பதித்தாராம். மூன்று விரல் மூன்று கொம்பாச்சு, கட்டைவிரல் வளையமாச்சு என்பார்கள். கேட்க நல்லா இருக்கும். ஆனால் முராதின் அப்பா ஓர்ஹானுடைய துக்ரா 1324-ஆம் ஆண்டுப் பத்திரத்திலேயே இருக்கிறது. அப்பா காலத்திலேயே இருந்ததை மகன் எப்படித் தற்செயலாகக் கண்டுபிடிக்க முடியும்? கதை கதையாகவே இருக்கட்டும்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் பெயர்

நம் ஊரில் கிடைக்கும் பழைய பிரிட்டிஷ் காசுகளில் ராஜா, ராணி தலை இருக்கும். துக்ரா இருக்கும் இடமும் அதே நடு இடம்தான். அங்கே ஏன் முகம் இல்லை?

'இஸ்லாத்தில் உருவம் கூடாது, அதனால்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் விஷயம் கொஞ்சம் படிப்படியாக நடந்தது. உமையா வம்சத்துக் கலீபா அப்துல் மலிக் ஆட்சியில் முதலில் கலீபா நிற்கிற உருவத்தோடு காசு வந்திருக்கிறது. ஹிஜ்ரி 77-இல், அதாவது 696-97 வாக்கில், அவர் அதை மாற்றி முழுக்க எழுத்து மட்டுமே உள்ள தங்க தினாரைக் கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் அந்த வழிதான் பெரும்பாலும் நிலைத்தது.

உருவம் போனதும் பெயருக்கு மதிப்பு கூடிவிட்டது. ஒரு ஆள் அரசன் என்பதற்கு அந்த நாடுகளில் இரண்டு அடையாளம் சொல்வார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் அவர் பெயர் சொல்லப்பட வேண்டும். காசில் அவர் பெயர் அடிக்கப்பட வேண்டும். முதலாவது காதுக்கு, இரண்டாவது கைக்கு. கலகம் செய்கிறவன் முதலில் கைவைப்பதும் இந்த இரண்டில்தான்.

ஒட்டோமான் காசில் துக்ரா முதலில் ஏறியதும் அப்படி ஒரு சண்டைக் காலத்தில்தான். 1402-இல் தைமூரிடம் தோற்ற பிறகு, சுல்தான் பாயசீதின் மகன்கள் அரியணைக்கு அடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான அமீர் சுலைமான் தன் காசில் துக்ராவை அடித்தார். 'நான்தான் சுல்தான்' என்று சொல்ல அதைவிட வேகமான வழி அன்றைக்கு இல்லை. காசு எந்தக் கிராமத்துச் சந்தைக்கும் போகுமே.

படிப்பது எப்படி?

இப்போது துக்ராவைப் பிரித்துப் பார்க்கலாம். எஞ்சினியரிங் டிராயிங் மாதிரி நான்கு பகுதி.

1. அடியில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இடம், 'செரெ'. பெயர் இங்கேதான் இருக்கிறது. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். என் ரூம்மேட் திணறியது இதனால்தான். அவன் வழக்கம்போல மேலிருந்து படிக்கப் பார்த்தான்.

2. மேலே நிற்கும் மூன்று கொம்பு, 'துக்'. குதிரைவால் கட்டிய போர்க்கொடிக் கம்புக்கும் துருக்கியில் இதே பெயர். இவற்றில் சில உண்மையான எழுத்தின் நீட்சி. சில சமயம் எழுத்தே இல்லாமல் வடிவத்துக்காக மட்டும் கோடு நிற்கும். மூன்று இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். கம்புகளிலிருந்து காற்றில் பறக்கிற மாதிரி வளைந்து இறங்கும் கோடுகள் 'ஸுல்ஃபெ'.

3. இடது பக்கத்து இரண்டு வளையம், 'பெய்ஸெ'. முட்டை என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். 'கான்', 'பின்' என்ற சொற்களின் கடைசியில் வரும் 'நூன்' எழுத்தைத்தான் இப்படி இழுத்துச் சுற்றியிருக்கிறார்கள்.

4. வளையங்கள் முடிந்து வலது பக்கம் நீளும் இரண்டு கோடு, 'ஹன்ச்செர்'. குத்துவாள் என்று அர்த்தம்.

வாசகத்தின் அமைப்பு பிற்காலத்தில் எல்லாருக்கும் ஒன்றுதான்: 'இன்னார் கான், இன்னார் மகன், எப்போதும் வெற்றியாளர்'. கடைசிச் சொற்கள் 'எல்-முஸஃப்பர் தாயிமா'. அந்த 'தாயிமா', அதாவது 'எப்போதும்', உள் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். எனவே பெயரையும் அப்பா பெயரையும் கண்டுபிடித்தால் போதும், மிச்சம் தெரிந்ததுதான். நம்ம ஊர் இனிஷியல் மாதிரி. நம்மில் அப்பா முன்னால் நிற்பார், துக்ராவில் பின்னால் நிற்பார்.

பதினாறாம் நூற்றாண்டில் சுலைமான் சுல்தானின் ஆணைகளில் தங்கமும் நீலமும் கொடிப்பூவுமாக வரைந்த துக்ராக்கள் மிகப் பெரியவை. ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் காசு என்பது சில செண்டிமீட்டர். அதில் எல்லாம் அடங்க வேண்டும், தேய்ந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். 1800-களின் தொடக்கத்தில் முஸ்தபா ராக்கிம் என்ற எழுத்துக் கலைஞர் கொம்பின் சாய்வு, வளையத்தின் விகிதம் எல்லாவற்றையும் திருத்தி அமைத்தார். அதற்குப் பிந்தைய துக்ராக்கள் அவர் போட்ட அளவையே பின்பற்றுகின்றன. ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு எழுத்தைக் கண்ணாடி பிம்பமாக உலோகத்தில் வெட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். காசு அடிக்கும் டையில் இந்த வளைவு எல்லாம் தலைகீழ்த் திசையில், குழியாக விழ வேண்டும்!

தேதிக் கணக்கு

இப்போது 1327-க்கு வருவோம். முதலில் எண்களைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி. அரபி எண்ணில் ஆங்கில 'வி' மாதிரி இருந்தால் 7, அது கவிழ்ந்திருந்தால் 8. சின்ன வட்டம் 5, வெறும் புள்ளி 0. ஒரு கோடு 1. கோட்டின் தலையில் ஒரு பல் இருந்தால் 2, இரண்டு பல் இருந்தால் 3. திருப்பிப்போட்ட நம்ம 3 மாதிரி இருந்தால் 4. நம்ம 7 மாதிரி இருந்தால் 6. 9 மட்டும் 9 மாதிரியே இருக்கும்.

1327 ஹிஜ்ரி ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு, சுமார் 354 நாள். நம் காலண்டரைவிடப் பதினோரு நாள் குறைவு. எனவே 622-ஐக் கூட்டினால் மட்டும் போதாது. ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுங்க. 1327-க்கு 1909 வரும்.

ஆனா இங்கே இன்னொரு பொறி இருக்கு. 1327 காசு அடித்த வருஷம் இல்லை! அது சுல்தான் அரியணை ஏறிய வருஷம். பிற்கால ஒட்டோமான் காசுகளில் அந்த ஒரே வருஷத்தைத்தான் ஆட்சி முழுக்கப் போடுவார்கள். கூடவே தனியாக ஒரு சின்ன எண் இருக்கும். அது 'ஆட்சியின் எத்தனையாவது வருஷம்' என்பது. எங்கள் காசில் அது 6. பதவியேற்ற வருஷமே முதல் வருஷம் என்பதால், ஆறிலிருந்து ஒன்றைக் கழித்துக் கூட்ட வேண்டும்: 1327 + 5 = 1332. இதை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால்... 1914.

1909-இல் அரியணை ஏறியவர் ஐந்தாம் மெஹ்மத். அப்பா அப்துல் மஜீத். இப்போது துக்ராவைப் பார்த்தோம். கீழிருந்து மேலே ரூம்மேட் விரல் வைத்துப் படித்தான்: 'மெஹ்மத் கான், அப்துல் மஜீத் மகன், எப்போதும் வெற்றியாளர்.' படித்து முடித்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.

ஒரு காசு, மூன்று ஊர்

எழுநூறு வருஷம் போச்சே என்று வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் 1914 என்று தெரிந்ததும் அந்தக் காசு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

காசின் மறுபக்கம் 'மிஸ்ரில் அடிக்கப்பட்டது' என்கிறது. மிஸ்ர் என்றால் எகிப்து. துக்ரா இஸ்தான்புல்லில் இருக்கும் சுல்தானுடையது. ஆனால் 1882-இலிருந்தே எகிப்தில் பிரிட்டிஷ் படை உட்கார்ந்துவிட்டது. உண்மையான அதிகாரம் அவர்கள் கையில். இன்னும் உற்றுப் பார்த்தால் காசில் சின்னதாக ஒரு ஆங்கில 'எச்' இருக்கிறது. அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த ஹீட்டன் காசாலையின் அடையாளம்.

சேர்த்துப் பாருங்க. 'எகிப்தில் அடித்தது' என்று சொல்லிக்கொண்டு, பர்மிங்ஹாமில் அடித்து, இஸ்தான்புல் சுல்தானின் கையெழுத்தோடு, பிரிட்டிஷ்காரர்கள் ஆட்டிவைக்கும் நாட்டில் செலவான காசு. 'எப்போதும் வெற்றியாளர்' என்கிற சுல்தான் அதற்குள் லிபியாவை இத்தாலியிடமும், பால்கன் நிலங்களில் பெரும்பகுதியை அண்டை நாடுகளிடமும் இழந்திருந்தார்.

அப்படியென்றால் கையெழுத்து பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. சட்டப்படி எகிப்து அதுவரை ஒட்டோமான் மாகாணம்தான். அதிகாரம் கைமாறிய பிறகும் பெயர் கொஞ்ச காலம் பழைய இடத்திலேயே இருக்கும். 1914 டிசம்பரில் பிரிட்டன் எகிப்தைத் தன் பாதுகாப்பு நாடாக அறிவித்து, ஹுசைன் காமிலைத் தனிச் சுல்தானாக உட்கார வைத்தது. அடுத்து வந்த எகிப்துக் காசுகளில் ஒட்டோமான் துக்ரா இல்லை. ஹுசைன் காமிலின் பெயரும், அவர் பதவியேற்ற ஹிஜ்ரி 1333-உம் வந்துவிட்டன. எங்கள் கையில் இருப்பது எகிப்தில் துக்ரா விழுந்த கடைசி வருஷத்துக் காசு.

மக்காவில் இன்னும் நேரடியாக நடந்தது. 1916-இல் ஷரீப் ஹுசைன் ஒட்டோமான்களுக்கு எதிராகக் கிளம்பிய பிறகு, அங்கே புழங்கிய ஒட்டோமான் காசுகளின் மேலேயே 'அல்-ஹிஜாஸ்' என்று சின்ன முத்திரை குத்தினார்கள். புதுக் காசு அடிக்க நேரம் இல்லை. பழைய கையெழுத்தின் மேலேயே நம்ம பெயர்!

காகிதத்தில் வந்த துக்ரா

ஒட்டோமான் காகிதப் பணம் 1840-இல் தொடங்குகிறது. பெயர் 'காயிமெ'. முதல் நோட்டுகளைக் கையால் எழுதி முத்திரை வைத்தார்கள். அவற்றுக்கு 12.5 சதவீதம் வட்டி வேறு! நோட்டு பாதி, கடன் பத்திரம் பாதி. கள்ளநோட்டு எளிதாகிவிட்டதால் சீக்கிரமே அச்சுக்கு மாறினார்கள். தலையில் துக்ரா அச்சானது.

முதல் உலகப் போரில்தான் பாடம் கிடைக்கிறது. எங்கள் காசில் இருக்கிற அதே மெஹ்மதின் துக்ரா அப்போது இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று தங்க லீரா: 7.216 கிராம், 22 காரட். இன்னொன்று 1915 முதல் வெளியான காகித லீரா. முதல் வெளியீட்டுக்குப் பின்னால் தங்கம் இருந்தது. பிந்தையவற்றுக்குப் பின்னால் ஜெர்மனியின் கடன் பத்திரங்கள்தான் இருந்தன. போர் முடிவில் சுமார் 16 கோடி லீரா காகிதம் புழக்கத்தில் இருந்தது. ஒரு தங்க லீரா வாங்கப் பல காகித லீரா தேவைப்பட்டது. கையெழுத்து ஒன்றேதான். ஆனால் மக்கள் தங்கத்தை ஒளித்து வைத்தார்கள், காகிதத்தைக் கைமாற்றிவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு என் கல்விக் கடன் பத்திரம் ஞாபகம் வந்தது. எங்க அப்பாவுக்குத் தமிழில் மட்டும்தான் கையெழுத்து வரும். நான் இங்கிலீஷில் கிறுக்குகிறவன். எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி விழணுமே என்று அப்பா ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகப் போட்டார். பேங்க் ஆபீசர் கையெழுத்தை ஒரு நொடிதான் பார்த்தார். அப்புறம் அப்பாவின் சம்பளச் சீட்டை எடுத்து ஐந்து நிமிஷம் பார்த்தார். 'யார் வாக்குக் கொடுக்கிறார்' என்று கையெழுத்து சொல்லும். 'வாக்கு நிற்குமா' என்பதற்கு அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். துக்ராவுக்கும் அதே கதைதான்.

கையெழுத்து போச்சு, எடை நின்னுச்சு

1922 நவம்பர் 1-இல் சுல்தான் பதவியே ஒழிக்கப்பட்டது. 1923-இல் துருக்கி குடியரசானது. ஆனால் கடைத்தெருவில்? இல்லாத சுல்தானின் துக்ரா போட்ட நோட்டைக் கொடுத்துத்தான் அதற்குப் பிறகும் சில வருஷம் ரொட்டி வாங்கினார்கள். குடியரசின் முதல் நோட்டுகள் 1927 டிசம்பரில்தான் புழக்கத்துக்கு வந்தன. அதே ஆண்டு அரசுக் கட்டிடங்களில் இருந்த துக்ராக்களை நீக்கச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அரபி எழுத்தே போய் லத்தீன் எழுத்து வந்தது. புது நோட்டே பழைய எழுத்தில் அச்சாகியிருந்ததால், வந்த வேகத்தில் பழசாகிவிட்டது.

ஆனால் ஒன்று போகவில்லை. குடியரசு அடித்த தங்கக் காசின் எடை அதே 7.216 கிராம், அதே 22 காரட். துருக்கியில் இன்றைக்கும் நகைக்கடையில் 'ரெஷாத்' தங்கக் காசு என்று கேட்பார்கள். அது ஐந்தாம் மெஹ்மதின் இன்னொரு பெயர்.

நம்ம பக்கம்

இந்த மாதிரி எழுத்துச் சின்னத்தைப் பார்க்கத் துருக்கி வரை போக வேண்டாம். ஹைதராபாத் நிஜாம் காசுகளில் சார்மினார் இருக்கும். அதன் வாசலுக்குள் ஒரே ஒரு எழுத்து இருக்கும். மஹபூப் அலி கான் காசில் 'மீம்'. 1911-இல் உஸ்மான் அலி கான் வந்ததும் அது 'ஐன்' ஆனது. ஒரு எழுத்து மாறினால் ஆட்சி மாறிவிட்டது என்று அர்த்தம்.

உங்களுக்கு ஒரு கணக்கு

ஒரு தங்கக் காசில் 1255, ஆட்சி வருஷம் 6. எந்த ஆண்டில் அடித்தது? ஒட்டோமான்கள் புதிய தங்க லீராவை அறிமுகம் செய்த ஆண்டு விடையாக வந்தால் உங்கள் கணக்கு சரி. இன்னொரு காசில் 1293, ஆட்சி வருஷம் 33. அதில் யாருடைய துக்ரா இருக்கும் என்றும் கண்டுபிடிங்க. இந்தச் சுல்தான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆண்டவர்.

ரூம்மேட் காசை விற்கவில்லை. லீவுக்கு ஊருக்குப் போனபோது உம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். கொடுக்கும் முன்னால் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து, கீழிருந்து மேலே விரல் வைத்து ஒருமுறை படித்துக் காட்டினானாம். அத்தனை வருஷம் அந்த வீட்டுப் பெட்டியில் கிடந்த காசை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருத்தர் வாசித்திருக்கிறார்.